பார்த்த மீன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். எழுத உட்கார்ந்தால் சொல்ல வந்தது ஒரு பக்கம் போகும், கை இன்னொரு பக்கம் போகும். மறதியும் கூடிவிட்டது. போன கிழமை இந்தப் பத்திரிகையில் எங்கள் வீட்டுப் பழைய கிணறு கிழக்குப் பக்கம் இருந்தது என்று எழுதிவிட்டேன். மகள் நசீரா வாசித்துவிட்டு, கிணறு மேற்குப் பக்கம், கிழக்கில் இருந்தது ஆட்டுக் கொட்டில் என்றாள். அவள் சொல்வதுதான் சரி. கிணற்றை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிழமை கிணறு இல்லை, கொட்டில் இல்லை. மீன்தான். மீனும் என் கணவரும்.

அவருடைய பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. கல்யாணக் காவின் எழுதின அன்றைக்குப் பள்ளிவாசல் லெப்பை சொன்னார், நான் கேட்டேன், அவ்வளவுதான். எழுதவும் கை வரவில்லை. அதனால் இதில் அவர் என்று வெறுமனே இருந்தால் அது அவர்தான். பேரப்பிள்ளைகள் அவரை அப்பா என்பார்கள். எங்கள் பக்கத்தில் தகப்பன் வாப்பா, பாட்டன்தான் அப்பா.

ஒரு வெள்ளிக்கிழமைப் பகல் எனக்கு அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. எந்த வருசம் என்று கேட்டால் தெரியாது. கொழும்பு ரயில், நாங்கள் கோச்சி என்போம், புத்தளத்தில் இருந்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காலம். ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் வந்துவிட்டார்கள். பன்பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்தாயிற்று. சஹன் என்றால் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. சோற்றுக்கு மேலே ஆவி. சோற்றின் நடுவில் முழுசாகப் பொரித்த பால்மீன். மிளகாய்த் தூள் கருகின வாசம் வீடு முழுக்க.

ஒருவரும் மீனைத் தொடவில்லை. என் ஆண்மக்கள் இரண்டு பேரும் மீசை வைத்த ஆட்கள். மூத்தவன் லொறி ஓட்டுகிறவன். இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மீனைத் தன் பக்கம் இழுத்தார். முதுகை ஒரு தரம் அமத்தினார். நடுமுள் ஒரு பக்கமாகக் கழன்று வந்தது. பிறகு சதையை இதழ் இதழாகப் பிரித்து விரல் நுனியால் தடவினார். பால்மீன் தின்றவர்களுக்குத் தெரியும், அதன் சதைக்குள் கவட்டை போல இரண்டாகப் பிரிந்த மெல்லிய முள் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது அவருடைய விரலுக்குத் தெரியும். எடுத்த முள்ளைச் சஹனின் ஓரத்தில் வரிசையாக வைப்பார். எல்லார் பக்கமும் ஒவ்வொரு பங்கு போன பிறகு ஒரு சொல்தான் சொல்வார்.

"பாத்தாச்சி. தின்னுங்க."

அதனால் எங்கள் வீட்டில் மீன் இரண்டு சாதி. பார்க்காத மீன், பார்த்த மீன். பார்க்காத மீனை ஒருவரும் வாயில் வைப்பதில்லை, பூனையைத் தவிர.

தலைமுடி போல ஒன்று

இது தொடங்கினது நசீராவால். அவள் அப்போது நடக்கப் பழகி ஓடத் தொடங்கியிருந்தாள். சூடை மீன் ஆணத்துக் குழம்பில் தோய்த்த சோற்றை நான்தான் ஊட்டினேன். முள் மாட்டிவிட்டது. நாங்கள் செய்கிற எல்லாம் செய்தோம். வெறும் சோற்றை உருண்டையாக விழுங்கக் கொடுத்தோம், வாழைப்பழம் கொடுத்தோம். பிள்ளை எச்சில் வடிய அழுதது, பிறகு அழவும் முடியாமல் போனது.

அவர் உப்பளத்தில் வேலை. பகல் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வந்தவர், சைக்கிளை வாசலில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டம். சைக்கிளில் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம் என்று பிறகு நாங்கள் சொல்லிச் சிரிப்போம். அன்றைக்கு அந்தப் புத்தி ஒருவருக்கும் வரவில்லை.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்து, ஒரு இடுக்கியால் எடுத்துவிட்டார். தலைமுடித் துண்டு போல ஒன்று. அவர் அதைக் கையில் வாங்கி வீடு வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். "இதா? இந்தச் சின்னச் சாமானா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் தொடங்கி மீன் பார்க்கிற வேலையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை.

நசீராவுக்குப் பார்த்தார், தம்பிமாருக்குப் பார்த்தார். "இஞ்சாருங்க, நீங்களும் கவனமில்லாத ஆள்" என்று எனக்கும் பார்த்தார். நான் முதலில் வெட்கப்பட்டேன். பிறகு பழகிவிட்டது. சுகமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உப்பில் நின்று நின்று அவருடைய கை வெடித்திருக்கும். தேசிக்காய், எலுமிச்சைதான், பிழிந்த மீன் என்றால் எரியும். ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை. விரலை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் மெல்ல ஊதுவதைக் கண்டுதான் எனக்கு விளங்கினது. அன்றோடு எங்கள் வீட்டு மீனுக்குத் தேசிக்காய் நின்றது.

தலை இல்லாத கிழமைகள்

நடுவில் ஒரு சிரிப்புக் கதை. ஒரு முறை பள்ளிவாசலில் ஒரு மவ்லவி பயான் பிரசங்கம் செய்யும்போது, பிள்ளைகளுக்குச் சதையைக் கொடுத்துவிட்டு, எனக்குத் தலைதான் விருப்பம் என்று பொய் சொல்லித் தலையை மட்டும் தின்ற ஒரு தகப்பனைப் பற்றிச் சொன்னாராம். என் மக்கள் இரண்டு பேரும் கண் கலங்கி வீட்டுக்கு வந்தார்கள். அவரும் எப்போதும் தலைதான் தின்பார். இவ்வளவு காலமும் வாப்பாவை வாட்டிவிட்டோம் என்று, அன்று தொடங்கி மீன் தலையை எடுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டு, நடுத்துண்டை அவர் பக்கம் வைத்தார்கள்.

அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். சில கிழமை போனது. ஒரு நாள் சஹனில் கை வைக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"நான் இவங்களுக்கு என்ன பிழை செஞ்சேன்? என்ட தலையக் குடுக்கச் சொல்லுங்க."

அவருக்கு உண்மையிலேயே தலைதான் விருப்பம். கண்ணையும் கன்னத்துச் சதையையும் உறிஞ்சித் தின்கிற சுகம் தெரிந்தவர். மவ்லவி சொன்ன தகப்பன் யாரோ, எங்கள் வீட்டில் இருந்தவர் இவர்.

கற்பிட்டிக்குப் போன பிள்ளை

நசீராவின் மகள் ரிஸ்னா. எங்கள் வீட்டில் பிறந்து எங்கள் மடியில் வளர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்திருப்பது. ஆனால் ரிஸ்னாவுக்குப் பொருந்தின இடம் கற்பிட்டி. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு மீன்பிடி வள்ளம் இருக்கிறது. தகப்பன் மௌத்தாகி, தாய் ஒரே மகனோடு தனியாக இருந்தார். அந்தத் தாயின் பெயர் ஹாஜரா. தாயை விட்டு மகனைக் கூட்டிவரச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ரிஸ்னாவே அங்கே போய் இருப்பதாகப் பேசி முடித்தோம்.

வள்ளம் உள்ள வீட்டில் காலையிலும் மீன், பகலிலும் மீன், இரவிலும் மீன். இதைப் பேசும்போது எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் போனது. ரிஸ்னா மெலிந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். சோற்றைச் சம்பலோடு பிசைந்து இரண்டு வாய் வைத்துவிட்டு எழும்புகிறாளாம். சம்பந்தி ஹாஜரா நல்ல நல்ல மீனாகத் தெரிந்து ஆக்கிப் பார்த்தாராம். தொடவில்லையாம். கேட்டால் வயிறு சரியில்லை என்கிறாளாம். வயிறு என்றதும் அக்கம்பக்கத்தார் நல்ல செய்தி என்று நினைத்தார்கள். நாள் போய் அதுவும் இல்லை என்று ஆனதும் கதை மாறிவிட்டது. டவுன் பிள்ளைக்கு வள்ளக்காரர் வீட்டுச் சாப்பாடு நாறுகிறதாம் என்றார்கள்.

கடைசியில் சம்பந்தியின் சொந்தக்காரி ஒருத்தி எங்கள் வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். மருமகளுக்கு அந்த வீட்டில் மனம் இல்லையென்றால் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும், பட்டினி கிடந்து சாக வேண்டாம் என்று சம்பந்தி சொன்னாராம்.

நசீரா அழத் தொடங்கிவிட்டாள். கூட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கல்யாணம் அதோடு முடிந்த மாதிரி. நான் ரிஸ்னாவோடு போனில் கதைத்தேன். தாயிடம் சொல்லாததை என்னிடம் சொன்னாள். குரல் வெளியில் வரவில்லை.

"உம்மம்மா, எனக்கு முள்ளுப் பாக்கத் தெரியா. மாமி கேட்டா என்னண்டு சொல்ற? புத்தளத்துப் புள்ள, மீன் தின்னத் தெரியாண்டு சொல்லவா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பிச் சட்டையைப் போட்டார், தொப்பியை வைத்தார்.

"கற்பிட்டி பஸ் எத்தனை மணிக்கு?"

அவருக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. ஒரு கண் ஒப்பரேசன் செய்தது, மற்றது புகை. பஸ் ஸ்டாண்டில் நிழலுக்கு நின்ற கழுதைகளை விலக்கிக்கொண்டு நான் கையைப் பிடித்து ஏற்றினேன். பாலாவி தாண்டினதும் காற்று. வழியெல்லாம் அவர் தேங்காயெண்ணெயைக் கையில் தடவித் தடவிக்கொண்டு வந்தார். உப்பளத்தை விட்டு எவ்வளவோ காலமாகியும் காற்றுக் காலத்தில் அந்தக் கை வெடிக்கும்.

மீன் பார்த்த பகல்

சம்பந்தி வாங்க என்றார். அதற்கு மேல் முகத்தில் ஒன்றும் இல்லை. பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். ரிஸ்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தெலும்பு தெரிந்தது. மாப்பிள்ளை கடலில்.

நியாயம் கேட்க வந்தவர்கள் கதையைத் தொடங்குவார்கள் என்று சம்பந்தி பார்த்திருந்தார். அவர் தொடங்கவில்லை. காற்றைப் பற்றிக் கேட்டார், வள்ளத்து எஞ்சினைப் பற்றிக் கேட்டார். பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து, பேத்தியோடு இருந்து சாப்பிட வந்ததாகச் சொன்னார்.

பாய் விரித்தார்கள். அவர், நான், ரிஸ்னா. சம்பந்தி மீனைக் கொண்டுவந்து வைத்தார். முழுப் பால்மீன் பொரியல், மேலே தேசிக்காய் பிழிந்து. ரிஸ்னா குனிந்துகொண்டாள்.

அவர் பிஸ்மி சொல்லி மீனைத் தன் பக்கம் இழுத்தார். முதுகை அமத்தினார். நடுமுள் வந்தது. கண் சரியாகத் தெரியாததால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஏதோ சத்தம் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு விரலால் தடவினார். முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். நடுவில் ஒரு முறை விரலை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் ஊதினார். பிறகு அந்தப் பக்கத்துச் சதையை எல்லாம் கூட்டி ரிஸ்னாவின் பக்கம் தள்ளினார்.

"பாத்தாச்சி. தின்னுங்க மகள்."

அந்தப் பிள்ளை தின்றது. மீனும் சோறும் கண்ணீரும் ஒன்றாகத்தான் போனது. அவ்வளவு பசி. எனக்குப் பார்க்க முடியவில்லை, நான் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமைக்கிற குசினி வாசலில் நின்ற சம்பந்திக்கு இப்போதுதான் விளங்கினது.

"இவ்வளவு நாளும் இதுக்கா?"

"இதுக்குத்தான் மகள்," என்றார் அவர். "புள்ளட பிழை இல்ல. நான் ஒருத்தருக்கும் பழக்கல்ல. என்ட பொஞ்சாதிக்கே தெரியா, கேட்டுப் பாருங்க."

எனக்குப் பாய்க்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. சம்பந்தி என்னைப் பார்த்தார்.

"மாமி, உங்களுக்குமா? அப்ப புத்தளத்துல மீன வாங்கி என்ன செய்யிற? மோந்துட்டு வைக்கிறதா?"

சொன்ன சம்பந்தியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். ரிஸ்னா சோற்று வாயோடு சிரித்தாள். வந்ததில் இருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. கூட்டிக்கொண்டு போகிற கதை அந்த இடத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

அவர் இன்னும் எழும்பவில்லை. சம்பந்தி சாப்பிட்டாரா என்று கேட்டார். எல்லாரும் தின்ற பிறகு தின்பது வழக்கம் என்றார் சம்பந்தி. ஊருக்கே ஆக்கிப் போட்டு, பிறகு தனியாகக் குசினியில் இருந்து கிடைத்ததைத் தின்கிற பழக்கம். புருசன் மௌத்தான வீட்டில் யார் இருந்து கேட்பது?

அவர் மீனின் மற்றப் பக்கத்தை இழுத்தார். முதல் பக்கத்தைப் பார்த்த அதே கவனம், அதே ஊதல். ஒரு சின்னப் பீங்கானில் சதையை வைத்து ரிஸ்னாவிடம் கொடுத்தார்.

"இத மாமிக்குக் குடுங்க. பாத்த மீன்."

சம்பந்தி பீங்கானை வாங்கினார். குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாரோ என்னவோ, நான் கண்டது குசினி வாசல் திரை விழுந்ததை மட்டும்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பைப்புத் தண்ணீர் ஓடுகிற சத்தம். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது, பீங்கானும் கழுவியிருந்தது.

பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போது அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அந்த முள்ளை எல்லாம் ஒரு பையில் போட்டுத் தர முடியுமா, வீட்டில் பூனை பார்த்துக்கொண்டிருக்கும். சம்பந்தி ஒரு நல்ல சொப்பிங் பேக்காகத் தேடி எடுத்துச் சுற்றிக் கொடுத்தார். அந்தப் பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்

ரிஸ்னாவுக்கு முள் பார்க்கப் பழக்கினது மாமியார்தான். இப்போது அவளுடைய பிள்ளைகள் தாங்களே பார்த்துத் தின்கிறார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான். அவர்கள் வந்தால், "அந்தப் புள்ளைகள்ற மீனையும் இஞ்ச தாங்க" என்று வாங்கித் திரும்ப ஒரு முறை பார்ப்பார். பிள்ளைகள் கண்ணைக் காட்டிச் சிரித்துக்கொண்டு கொடுத்துவிடுவார்கள்.

கடைசிக் காலத்தில் கண் முழுதாகப் போய்விட்டது. விரல் போகவில்லை. தொண்ணூறைத் தொட்டாரா, தாண்டினாரா என்று எங்களுக்குள் ஒரு முடிவு இல்லை. பதிவில் ஒரு வயது, அவருடைய உம்மா சொன்னது ஒரு வயது. ஒரு நாள் பகல் கதிரையில் இருந்துகொண்டு இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டார். சூடை என்றேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டு வருவதாகச் சொன்னார். "அவசரப்பட்டு ஒருத்தரும் தின்ன வேணாம், நான் வந்து பாத்துத் தாறன்" என்றார். போய்ப் படுத்தவர் எழும்பவில்லை. நோய் இல்லை, நொம்பலம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அப்படி ஒரு முடிவு எனக்கும் கிடைத்தால் போதும்.

பிறகு எங்கள் வீட்டில் முள் பார்க்கிற மீன் நின்றுபோனது. சுறா வாங்கினோம், இறால் வாங்கினோம், முட்டை பொரித்தோம். மீசை நரைத்த என் மக்கள் வெள்ளிக்கிழமை வந்து சஹனைச் சுற்றி இருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருப்பார்கள். பிறகு முட்டையைப் பிய்ப்பார்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, கற்பிட்டி பஸ் கண்டக்டர் போன் எடுத்து, ஒரு பார்சல் இருக்கிறது, வந்து எடுங்கள் என்றார். மகன் போய் எடுத்து வந்தான். ஒரு டிபன் கரியர். மேல் தட்டில் பால்மீன் பொரியல், முழுக்கப் பார்த்தது, இதழ் இதழாக. தேசிக்காய் பிழியாதது. தேசிக்காய் ஒரு மூலையில் வெட்டித் தனியாக வைத்திருந்தது. கீழ்த் தட்டில் ஒரு சொப்பிங் பேக், நன்றாகச் சுற்றிக் கட்டினது. திறக்க முதலே பூனை வந்துவிட்டது.

நான் ரிஸ்னாவுக்குப் போன் எடுத்து, நல்லாப் பார்த்திருக்கிறீங்க மகள் என்றேன். தான் பார்க்கவில்லை, மாமிதான் பார்த்தா என்றாள். காலையில் இருந்து ஒருவரையும் குசினிக்குள் விடவில்லையாம்.

அன்றில் இருந்து கடல் கொந்தளிக்காத வெள்ளிக்கிழமை எல்லாம் அந்தக் கரியர் வருகிறது. பழைய பூனை போய்விட்டது, இப்போது இருப்பது அதன் மகள். இதற்கும் பஸ் நேரம் தெரியும்.

இதில் பிழை இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள். கற்பிட்டியில் அன்றைக்கு ஆக்கினது பால்மீன் இல்லை என்று ரிஸ்னா சொல்கிறாள். அன்றைக்கு முள்ளைச் சுற்றினது சொப்பிங் பேக்கா, பேப்பரா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். இவற்றை எல்லாம் பிழை என்றால் மாற்றிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தத் திரைக்குப் பின்னால் சம்பந்தி அந்தப் பீங்கானில் இருந்த மீனைத் தின்றாரா, இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வேறு சட்டியில் போட்டு மூடி வைத்தாரா? இவ்வளவு காலமாக எனக்குக் கேட்க வெட்கம். கற்பிட்டிப் பக்கம் இதை வாசிக்கிறவர்கள் யாருக்காவது ஹாஜராவைத் தெரிந்திருந்தால், மெதுவாகக் கேட்டு எனக்குச் சொல்லிவிடுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.